வெற்றிலைப் பையும் கீரைக் கட்டும்

(ஜூபிலி விழாவின் நலவாழ்வு நாளன்று பங்கு மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜூபிலி ஆண்டில் மேடை ஏறுகிறவர்கள் பழம் பெருமை பேசுவது வழக்கம். நலவாழ்வுக் குழுவினராகிய எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்போ 'உணவும் புற்றுநோயும்'. விழாக் காலத்தில் அந்த நோயின் பேரைச் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கிறவர்களில் அந்தப் பேரைத் தம் வீட்டுக்குள் கேளாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பழம் பெருமையை அடியோடு விட்டுவிடவில்லை, அதிலிருந்தே தொடங்குகிறோம்.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் நம் பழவேற்காட்டுக் கரைக்கு வந்தார்கள். மகிமை மாதா கோயிலின் கதை அவர்களோடு தொடங்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவை வேறு சிலவும் உண்டு. இன்று நம் கொல்லையில் நிற்கிற கொய்யாவும் பப்பாளியும், மீன் குழம்பில் போடுகிற மிளகாயும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் கப்பல்களின் வழியாக இந்தியாவுக்கு வந்தவை. அதே வழியில்தான் புகையிலையும் வந்தது. நன்மை செய்கிற செடியும் தீமை செய்கிற செடியும் ஒரே கப்பலில் ஏறி வந்திருக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 'செடி கொடியிலிருந்து வருவதெல்லாம் உடம்புக்கு நல்லது' என்று நினைப்பவர்கள் நம்மில் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் குப்பங்களில் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் எங்களைத் தேடி வந்தார். பேரைச் சொல்ல வேண்டாம். ஏரியில் பாடு முறை வருகிற இரவுகளில் தூக்கம் வராமல் இருக்கப் புகையிலை சேர்த்து வெற்றிலை போட்டுப் பழகியவர். பழக்கம் பிறகு பகலுக்கும் வந்துவிட்டது. அவர் கேட்டது இதுதான்: "ஏம்மா நர்சம்மா, மஞ்சளும் கீரையும் சாப்பிட்டா புத்துநோய் வராதுன்னு பேப்பர்ல போட்டிருக்கானாம், என் பேரன் படிச்சுக் காட்டினான். அப்படின்னா அதையும் சாப்பிட்டுக்கிட்டு, இதையும் போட்டுக்கலாமா?" இடுப்பில் இருந்த வெற்றிலைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். "கீரை சாப்பிடுங்க தாத்தா, நல்லதுதான், புகையிலையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் சரியான பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்.

இதே கேள்வியை நம்மைப் போன்ற மீனவ மக்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கடல் கடந்த கதையல்ல, பக்கத்துக் கேரளத்தில் நடந்தது. அங்கும் மீனவர்களிடம் புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் வழக்கம் அதிகம். அப்படிப் போடுகிறவர்கள் சிலருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம் தோன்றும். துடைத்தால் போகாது, வலிக்காது. வலிக்காததே அதன் ஆபத்து. எல்லாருக்கும் அது புற்றாக மாறுவதில்லை, சிலருக்கு மாறும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினரும், கனடா நாட்டு அறிஞர் ஹான்ஸ் ஸ்டிச்சும் 1980-களில் இவர்களிடையே ஆய்வு தொடங்கினார்கள். பிறகு இன்னும் கட்டுப்பாடான சோதனை ஒன்று நடந்து, அதன் முடிவு 1997-ல் வெளிவந்தது. வாயில் இந்தப் படலம் உடைய 160 மீனவ ஆண் பெண்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வைட்டமின் ஏ, அதாவது மீன் ஈரல் எண்ணெயில் இருக்கிறதே, அந்தச் சத்து. இன்னொரு கூட்டத்துக்குப் பீட்டா கரோட்டின். முருங்கைக்கீரை, பப்பாளி, காரட் முதலியவற்றில் உள்ள மஞ்சள் நிறச் சத்து அது. மூன்றாம் கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 10 பேருக்குப் படலம் முற்றிலும் மறைந்திருந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 33 பேருக்கு மறைந்தது. வைட்டமின் ஏ சாப்பிட்டவர்களில் 52 பேருக்கு. இதைக் கேட்டதும் நம் பெரியவரைப் போல் உங்களுக்கும் ஒரு மகிழ்ச்சி வரும். ஆனால் மாத்திரையை நிறுத்தியபின் நடந்ததையும் சேர்த்துக் கேளுங்கள். பீட்டா கரோட்டினால் குணமானவர்களில் பாதிப் பேருக்கும், வைட்டமின் ஏயால் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் படலம் திரும்பி வந்துவிட்டது. அவர்களுக்குக் கொடுத்த அளவும், நாம் சோற்றோடு நாள்தோறும் பெறுகிற அளவைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆக, தாவரச் சத்துக்கு வேலை செய்யும் சக்தி இருக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். அந்தச் சக்தி நிலைக்கவில்லை என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. படகில் ஓட்டையை வைத்துக்கொண்டு தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பவன் இறைப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையையும் சொல்லாமல் விட முடியாது. காய் கனி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல நாடுகளில் கண்டார்கள். அதற்குக் காரணம் பீட்டா கரோட்டினாக இருக்குமோ என்று 1981-ல் ரிச்சர்டு பீட்டோ முதலான அறிஞர்கள் கேள்வி எழுப்பினார்கள். பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கிற ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துக்கொண்டு சில ஆண்டுகள் சோதித்தார்கள். நாள் ஒன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை. 1994-ல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இதே மாதிரிச் சோதனையை 1996-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பப்பாளிப் பழத்தில் இருந்தவரை சாதுவாக இருந்த பொருள், பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்துப் புகைபிடிப்பவருக்குக் கொடுத்தபோது வேறு விதமாக நடந்துகொண்டது. மருந்துக் கடைகளில் அழகான டப்பாக்களில் விற்கிற சத்து மாத்திரைகளைக் கண்டு மயங்குகிற நம் பிள்ளைகளுக்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

நிற்க. 'அப்படியானால் கீரையும் மஞ்சளும் வீண்தானா' என்று தாய்மார்கள் கேட்பீர்கள். வீண் அல்ல. நம் அடுப்படியிலேயே அவற்றுக்கு வேலை இருக்கிறது. முதலில் கருவாட்டை எடுத்துக்கொள்வோம்.

சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே 1982 முதல் சென்னை நகரின் புற்றுநோயாளிகளைப் பற்றிய பதிவேடு நடந்து வருகிறது. அதில் ஆண்களைப் பொறுத்தவரை நெடுங்காலம் முன்வரிசையில் நின்றது இரைப்பைப் புற்றுநோய். இதற்குக் காரணம் ஒன்றல்ல. இரைப்பையில் குடியிருக்கிற ஒரு வகைக் கிருமிக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அதோடு அதிக உப்பு சேர்ந்தால் இரைப்பையின் உட்சுவர் புண்படுகிறது. அன்றியும், மீனில் இயற்கையாகவே 'அமீன்' என்ற பொருள்கள் உண்டு. நம் உமிழ்நீரிலும் சில உணவுகளிலும் 'நைட்ரைட்' என்ற உப்பு இருக்கிறது. இந்த இரண்டும் இரைப்பையின் புளிப்பில் சந்தித்தால் 'நைட்ரோசமீன்' என்ற பொருள் உண்டாகும். அது புற்றை விளைவிக்கக் கூடியது. சீன நாட்டு முறையில் பதப்படுத்திய உப்பு மீன், மூக்கின் பின்புறத் தொண்டையில் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதியாகவே சொல்லியிருக்கிறது. நம் கருவாடு செய்முறை வேறு. ஆகவே அந்தத் தீர்ப்பை அப்படியே நம் வாளைக் கருவாட்டின் மேல் சுமத்த மாட்டோம். எனினும் உப்பும் அமீனும் இதிலும் உண்டு.

இங்கேதான் தாவரச் சத்து நமக்கு உதவுகிறது. வைட்டமின் சி என்று சொல்கிறோமே, நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றில் உள்ளது, அது நைட்ரைட்டைத் தானே முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும். அமீனிடம் போகவிடாது. இது சோதனைக் குழாயிலும் மனித உடம்பிலும் பார்த்து அறிந்த உண்மை. ஆனால் சாப்பாட்டு வேளையிலேயே அது இரைப்பையில் இருக்க வேண்டும். காலையில் கருவாடு, மாலையில் கொய்யாப்பழம் என்றால் பலன் பாதி. கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் சோற்றோடு பச்சையாக ஒரு நெல்லிக்காய், அல்லது இறக்கியபின் பிழிந்த எலுமிச்சம்பழம், அல்லது கையில் ஒரு கொய்யாத் துண்டு. வைட்டமின் சி வெப்பத்தில் அழியும் என்பதால் பச்சையாக என்று சொல்கிறோம். கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு தண்ணீர் கழுவி உப்பை வெளியேற்றுவது நம் பாட்டிமார் செய்தது, இப்போது அவசரத்தில் பலர் விட்டுவிட்டார்கள். கூலி வாங்கிக்கொண்டு வருகிற நேரத்தில் எங்கே ஊறப்போடுவது என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். நியாயம்தான். காலையிலேயே சட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னோம்.

மழைக் காலத்தில் பூசணம் பிடித்த வேர்க்கடலையையும் மிளகாயையும் வெயிலில் போட்டு எடுத்துச் சமைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு வெயிலுக்கும் அடுப்புக்கும் அடங்காது, ஈரலில் புற்றை உண்டாக்கும். சீன நாட்டில் சீடோங் என்ற இடத்தில் இந்த நஞ்சு உணவில் கலந்திருந்த மக்கள் 180 பேரிடம், கீரையின் பச்சை நிறத்திலிருந்து செய்த 'குளோரோபிலின்' என்ற பொருளைப் பாதிப் பேருக்கும் வெறும் மாத்திரையை மற்றவர்களுக்கும் நான்கு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். நஞ்சு உடம்பின் அணுக்களில் ஒட்டிச் சேதம் செய்ததற்கு அடையாளமாகச் சிறுநீரில் வருகிற பொருள், பச்சை நிறம் சாப்பிட்டவர்களுக்கு 55 சதவீதம் குறைந்தது. 2001-ல் வெளிவந்த செய்தி இது. கீரையின் பச்சை வயிற்றிலேயே நஞ்சைக் கட்டிப்பிடித்து வெளியேற்றுகிறது என்று கருதுகிறார்கள். ஆனாலும் பூசணக் கடலையைக் கோழிக்குக்கூடப் போடாமல் எறிந்துவிடுவதே மேல்.

இனி மஞ்சள். நம் நாட்டு விஞ்ஞானிகள் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் புகை பிடிப்பவர்கள் 16 பேருக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரை கிராம் மஞ்சள் தூள் 30 நாள் கொடுத்தார்கள். புகையினால் உண்டாகிச் சிறுநீரில் வெளிவரும் கெட்ட பொருள்கள் குறைந்தன. 1992-ல் இதை வெளியிட்டார்கள். பதினாறே பேர், ஒரே மாதம். அவர்களுக்குப் புற்றுநோய் வராமல் போயிற்று என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அந்த நிறுவனத்தாரும் சொல்லவில்லை. பத்திரிகைகள்தான் சொல்லின.

மஞ்சளின் சாரமாகிய குர்க்குமின் எளிதில் உடம்பில் சேர்வதில்லை என்பதும் தெரிந்த செய்தி. நம் திருச்சபை நடத்துகிற பெங்களூர் தூய யோவான் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் ஒரு சோதனை செய்தார்கள். 2 கிராம் குர்க்குமினை மட்டும் கொடுத்தபோது இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றும் தென்படவில்லை. மிளகின் காரச் சத்தாகிய பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்தது சுமார் இருபது மடங்கு கூடியது. அந்த 20 மில்லிகிராம் ஏழெட்டு மிளகில் கிடைத்துவிடும். மிளகு ரசத்தில் மஞ்சள் போட்ட நம் முன்னோரின் கைப்பக்குவத்தை எண்ணி நாங்களும் பெருமைப்பட்டோம். ஆனால் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 2 கிராம் குர்க்குமின் வேண்டுமானால் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும்! ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் குழம்புக்கு ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். ஆகவே மஞ்சளைச் சமையலுக்குரிய அளவில் மகிழ்ச்சியாகப் போடுங்கள், மருந்தென்று எண்ணாதீர்கள். கண்ணைப் பறிக்கிற நிறத்துக்காகச் சில இடங்களில் ஈயம் கலந்த சாயத்தை மஞ்சள் தூளில் சேர்க்கிறார்கள். கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது.

கீரை காய் கனி எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 400 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு அது இரண்டு கிலோ. ஏரியில் இறால் படாத மாதத்தில் பொன்னேரிச் சந்தை விலைக்கு இரண்டு கிலோ என்பது எங்களுக்கே பெருமூச்சு வரவைக்கிற கணக்கு. ஆனால் முருங்கை நம் மணலில் விலையில்லாமல் வளர்கிறது. பப்பாளி ஒரு வாளிக் கழுவு தண்ணீரில் காய்க்கும். கரையோரச் சேற்றில் படர்கிற உமரிக்கீரையைப் பறித்துச் சமைக்கிறவர்களும் நம்மில் உண்டு. அதில் உப்பு தானாகவே இருப்பதால் சட்டியில் மேலும் உப்புப் போட வேண்டாம். முள்ளங்கியும் முட்டைக்கோசும் வாங்கினால் அதிக நேரம் வேகவைக்காதீர்கள். அவற்றின் கார வாசனைக்குக் காரணமான சத்து, நறுக்கும்போது உண்டாகி, உடம்பில் நஞ்சை முறிக்கிற வேலையைத் தூண்டிவிடுகிறது. குழைய வேகவைத்தால் அது உண்டாகாமலே போகும்.

பெண்களுக்கு வருகிற கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. அதற்குத் தடுப்பூசியும் பரிசோதனையும் உண்டு. கீரையை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் கல்லறைத் தோட்டத்தில் தானே முளைத்துப் பூக்கிற நித்தியகல்யாணியைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். உண்மைதான், 1958-ல் கனடா நாட்டில் நோபிள், பீர் என்ற இருவர் அதன் இலையிலிருந்து புற்றுநோய் மருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியதோ நீரிழிவு மருந்தை! அச்செடியிலிருந்து பின்னர் கிடைத்த இன்னொரு மருந்து இரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது மருத்துவர் அளந்து ஊசியில் ஏற்றுகிற நஞ்சு. இலையை மென்று பார்க்க வேண்டாம்.

வெற்றிலையைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். இலை மட்டும் என்றால் குற்றம் சொல்ல அதிகம் இல்லை. அதில் நைட்ரோசமீன் உண்டாவதைத் தடுக்கிற சத்துகூட இருப்பதாக ஆய்வுகள் காட்டின. குற்றவாளி உள்ளே மடித்து வைக்கிற சரக்குதான். புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985-லேயே சொல்லிவிட்டார்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே அதைச் செய்யும் என்று 2004-ல் அறிவித்தார்கள். இந்த இரண்டாவது செய்தி நம் தாய்மார்களுக்குப் போய்ச் சேரவில்லை. 'நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்' என்று மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்கிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறோம்.

அந்தப் பெரியவரிடம் திரும்பி வருவோம். அவர் எங்கள் சொல்லைக் கேட்டார். கீரை சாப்பிட்டார். மஞ்சளைக் குழைத்துக் கன்னத்தின் உள்ளே பூசிக்கொண்டும் இருந்திருக்கிறார். அங்கே ஏற்கெனவே ஒரு வெள்ளைப் படலம் இருந்தது எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நாங்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவே இல்லை. எட்டு மாதம் கழித்து, சோறு விழுங்க முடியாமல், கன்னம் வீங்கி, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சென்னைக்கு அனுப்பினோம். காலம் கடந்துவிட்டிருந்தது. அடக்கத் திருப்பலியில் அவருடைய மகள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன கீரையை ஒரு நாள்கூட விடலையே" என்று அழுதார். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதனால்தான் இந்த ஜூபிலி ஆண்டில் ஒன்றைத் தொடங்குகிறோம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் சிலவற்றில், பயிற்சி பெற்ற சாதாரண நலப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். டாக்டர்கள் அல்ல, நம்மைப் போன்றவர்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களில், வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்களின் தொகை அந்தப் பஞ்சாயத்துகளில் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு டார்ச் விளக்கும் பழகிய கண்ணும் செய்த வேலை அது. எங்கள் குழுவிலும் மூவர் இதற்குப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு முதல், இரண்டாம் பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இருப்போம். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் அடிப்பக்கம் மூன்றையும் பார்ப்போம். துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை மூன்று விரல் அகலம் திறக்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவோம். தனியாகப் போகத் தயங்குகிறவரோடு எங்களில் ஒருவர் கூடவே வருவார். இரவு ஏரிக்குப் போய்விட்டு விடிந்து திரும்புகிறவர்கள் குளிக்காமலே, பூசைக்கு வராமலேகூட நேராக அங்கே வரலாம். பங்குத் தந்தை அவர்கள் இதற்கு அனுமதி தந்திருக்கிறார்கள். வெற்றிலைப் பையை மட்டும் வாசலில் உள்ள பெஞ்சில் வைத்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வாருங்கள், தண்ணீர்க் குடம் வைத்திருப்போம். பையைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் விட்டுவிட்டுப் போவதும் உங்கள் விருப்பம்.